பள்ளி ஆன்லைனில் நடக்கும்போது ஆசிரியர்களும் ஊழியர்களும் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: தொலைநிலைக் கல்வி நடக்கும்போது பள்ளிக்குப் போய்வரும் நேரம் மிச்சமாகிறது. அப்படியானால் ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் ஓய்வு நேரம் கூடியிருக்கத்தானே வேண்டும்? அதை எப்படிச் செலவிடுகிறார்கள், எப்படிச் செலவிட்டால் நல்லது, பள்ளி நிர்வாகம் இதில் ஏதாவது செய்ய முடியுமா?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தில் செய்வது சாதாரணமான விஷயங்கள்தான். வீட்டு வேலை, சொந்தப் பிள்ளைகளைக் கவனிப்பது, செல்போன், தொடர்கள், தூக்கம், கொஞ்சம் நடை, கொஞ்சம் செடி வளர்ப்பு, ஏதாவது ஒரு ஆன்லைன் பயிற்சி. 2020-ல் பல நாடுகளில் ஜிக்சா புதிர்களும் தோட்ட விதைகளும் சைக்கிள்களும் கடைகளில் தட்டுப்பாடாகும் அளவுக்கு விற்றன. வாங்கியவர்களில் பள்ளிக்கூடத்தில் வேலை செய்பவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் நான் முக்கியமாக நினைப்பது இந்தப் பட்டியலை அல்ல. ஓய்வு நேரம் மொத்தத்தில் எவ்வளவு என்பதைவிட, அது எந்த வடிவத்தில் கைக்கு வந்தது என்பதுதான் வித்தியாசத்தை உண்டாக்கியது. முழுசாக ஒரு மணி நேரம் கிடைத்தவர் ஓய்வெடுத்தார். அதே ஒரு மணி நேரம் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாகக் கிடைத்தவர் அடுத்த செய்திக்காகக் காத்திருந்தார்.

இது எவ்வளவு பேரைத் தொட்ட விஷயம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2020 ஏப்ரலில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது யுனெஸ்கோ சொன்ன கணக்கின்படி, 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். பள்ளி ஆசிரியர்கள் மட்டும் சுமார் 6.3 கோடி பேர். அலுவலக எழுத்தர், நூலகர், ஆய்வக உதவியாளர், ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர், காவலாளி எல்லாரும் அதற்கு மேல். பெருந்தொற்று முடிந்த பிறகும் வெள்ளம், காற்று மாசு, கடும் வெப்பம் என்று பள்ளிகள் அவ்வப்போது ஆன்லைனுக்கு மாறத்தான் செய்கின்றன. அதனால் இந்தக் கேள்வி இன்றைக்கும் பொருந்துகிறது.

நேரம் எப்படித் துண்டாகிறது என்று பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்தால் நாள் முடிந்தது. நோட்டுத் திருத்துவது, பாடத் தயாரிப்பு என்று வீட்டுக்கு வேலை வரும்தான், ஆனால் எவ்வளவு வருகிறது என்று பையைத் தூக்கும்போதே தெரிந்துவிடும். ஆன்லைனில் அந்த எல்லை கிடையாது. இரவு ஒன்பதரைக்கு ஒரு மாணவர் வீட்டுப்பாடத்தைப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். படம் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது, பென்சில் எழுத்து மங்கல், பக்கத்தின் கீழ்ப்பாதியில் கையின் நிழல். டீச்சர் போனைத் திருப்பினால் படமும் கூடவே திரும்பிக்கொள்கிறது. ஆட்டோ ரொட்டேட்டை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, மூன்றாவது கணக்கில் கழித்தல் குறி விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்து, அதைப் புரியும்படி தட்டச்சு செய்து அனுப்புவதற்குள் பத்து நிமிடம் போய்விடுகிறது. பத்து நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்து நிமிடம், அவர் படித்துக்கொண்டிருந்த கதையின் நடுவில் வந்து விழுந்திருக்கிறது. மறுபடி கதைக்குள் போக மனம் வராது. அடுத்த படம் எப்போது வருமோ என்று காது போனிலேயே இருக்கும்.

மாணவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கையில் கிடைக்கும் என்றால், ஒன்பதரைக்கு முன்னால் அந்தப் பிள்ளையால் எப்படி அனுப்ப முடியும்? இது தெரிந்திருப்பதால்தான் அக்கறையுள்ள ஆசிரியர்களால் அந்தச் செய்தியைப் பார்க்காமல் விட முடிவதில்லை. ஓய்வு கெடுவது சோம்பேறி ஆசிரியருக்கு இல்லை, நல்ல ஆசிரியருக்குத்தான். எனக்கு இந்த விஷயத்தில் அதிகம் வலிப்பது இதுதான்.

போய்வரும் நேரம் மிச்சம் என்ற கணக்கும் பாதிதான் சரி. நிறுவனங்களில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தை ஆராயும் பிளேக் ஆஷ்ஃபோர்த்தும் அவருடைய சகாக்கள் இருவரும் 2000-ல் எழுதிய ஒரு கட்டுரை, வேலை செய்பவர் என்ற நிலையிலிருந்து வீட்டு மனிதர் என்ற நிலைக்கு நாம் தினமும் கடந்து போவதைப் பற்றியது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால் கடந்து போவது சுலபம், ஆனால் எது எங்கே முடிகிறது என்ற குழப்பம் கூடும் என்பது அவர்கள் வாதம். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது யாரும் உங்களை எதையும் செய்யச் சொல்ல மாட்டார்கள். வகுப்பில் நடந்த சண்டை, தலைமையாசிரியர் சொன்ன ஒரு கடுமையான வார்த்தை எல்லாம் வழியிலேயே கொஞ்சம் ஆறிவிடும். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை மூடிவிட்டு அதே மேசையில் சாப்பிட உட்காருபவருக்கு அந்த வழி இல்லை. 2020-ல் பலர் காலையில் வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்து வேலையைத் தொடங்கினார்கள், மாலையில் இன்னொரு நடை போய் முடித்தார்கள். பார்ப்பவர்களுக்கு அது விநோதமாகத் தெரிந்திருக்கலாம். என் கருத்தில் அந்தக் காலத்தில் மனிதர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த மிக உருப்படியான பழக்கங்களில் அது ஒன்று.

அடுத்து, எந்த மாதிரியான களைப்பிலிருந்து மீள வேண்டியிருக்கிறது என்று தெரிந்தால்தான் எந்த மாதிரி ஓய்வு வேண்டும் என்று சொல்ல முடியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் 2021 பிப்ரவரியில் காணொலிச் சந்திப்புகள் ஏன் இவ்வளவு களைப்பூட்டுகின்றன என்பதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். முகங்கள் எல்லாம் மிகப் பக்கத்தில், பெரிதாக, நம்மையே உற்றுப் பார்ப்பதுபோல் இருப்பது. நம் முகத்தை நாமே மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பது. கேமராவின் சட்டத்துக்குள் அசையாமல் உட்கார வேண்டியிருப்பது. தலையாட்டல், கண்ஜாடை போன்ற சின்னக் குறிப்புகளை அனுப்பவும் புரிந்துகொள்ளவும் மூளை கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பது. ஆசிரியர்களுக்கு இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மாணவர்கள் கேமராவை அணைத்துவிட்டால் எதிரில் வெறும் கறுப்புக் கட்டங்கள். யாருக்குப் புரிந்தது, யார் எழுந்து போய்விட்டார் என்று ஒன்றும் தெரியாமல் முப்பது கட்டங்களிடம் பேசிக்கொண்டே இருப்பது கடினமான வேலை. நேர் வகுப்பில் ஒரு பிள்ளையின் முகம் தெளிந்தால் அதுவே அடுத்த பத்து நிமிடத்துக்கான தெம்பைக் கொடுக்கும். ஆன்லைனில் தெம்பு போகும், வராது.

உடம்பும் வேறு விதமாகக் களைக்கிறது. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைகிறது, அதனால்தான் மாலையில் கண் எரிகிறது. காதை மூடும் ஹெட்போன் போட்டுப் பேசினால் நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காது, நம்மை அறியாமல் சத்தத்தைக் கூட்டிவிடுவோம். பின்னணி இரைச்சலில் மனிதர்கள் இப்படிக் குரலை உயர்த்துவதை எத்தியென் லொம்பார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே எழுதிவைத்திருக்கிறார். நான்கு சுவருக்குள் உட்கார்ந்து பேசியும் தொண்டை கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். நாள் முழுக்க நின்றும் நடந்தும் பழகிய கால்கள் நாற்காலியில் மடங்கிக் கிடக்கின்றன என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். கண், காது, கழுத்து, முகம் எல்லாம் திரையால் களைத்த ஒருவர், வகுப்பு முடிந்ததும் அதே நாற்காலியில், அதே திரையில் ஒரு தொடரைப் போடுகிறார். மேல் மூலையில் பள்ளிக் குழுவின் நோட்டிஃபிகேஷன் வந்துகொண்டே இருக்கிறது. தொடர் பார்ப்பதில் தவறு ஒன்றுமில்லை, நல்ல தொடர் மனதை எங்கேயோ கூட்டிப்போகும். ஆனால் களைத்த உறுப்புகளுக்கு அதில் ஓய்வு கிடையாது.

ஓய்வு என்பதை நன்றாகப் பிரித்துக் காட்டியவர்களாக நான் நினைப்பது சபீனே சொன்னென்டாக், ஷார்லட் ஃப்ரிட்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்களை. வேலைக்குப் பின் மீண்டுவருவதில் நான்கு அனுபவங்கள் இருக்கின்றன என்று 2007-ல் அவர்கள் எழுதினார்கள். வேலையிலிருந்து மனம் விலகுவது, தளர்ந்து இருப்பது, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேறுவது, என் நேரத்தை நான்தான் தீர்மானிக்கிறேன் என்ற உணர்வு. பெரும்பாலும் இரண்டாவதை மட்டும்தான் நாம் ஓய்வு என்று சொல்கிறோம். தொலைநிலைக் கல்விக் காலத்தில் அடிபட்டதோ முதலாவதும் நான்காவதும். சோபாவில் சாய்ந்திருப்பார், ஆனால் மனம் நாளைய ஒர்க்‌ஷீட்டில் இருக்கும். அது விலகல் இல்லை. சொன்னென்டாக் பின்னாளில் இன்னொன்றையும் எடுத்துக்காட்டினார்: யாருக்கு மீட்சி மிகவும் தேவையோ, அவர்களுக்குத்தான் அது கிடைப்பது மிகக் கடினம். வேலை நெருக்கும் நாளில் மனம் வேலையைவிட்டு நகர்வதில்லை, எழுந்து ஏதாவது செய்யத் தெம்பும் இருப்பதில்லை. அதனால் களைத்துக் கிடக்கும் ஒரு ஆசிரியரிடம் ‘ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதால் பெரிய பயன் இருக்காது.

எந்த மாதிரிப் பொழுதுபோக்கு நன்றாக வேலை செய்கிறது என்றால், கையை இழுத்துக்கொள்வது, திரை இல்லாதது, தனக்கென்று ஒரு முடிவு உள்ளது. தையல், ஓவியம், மரவேலை, இசைக்கருவி, சைக்கிள், தொட்டி மாற்றி நடும் செடிகள். கையில் மண் ஒட்டியிருக்கும்போது போனை எடுக்க முடியாது, அந்தச் சின்னத் தடையே பெரிய உதவி. எனக்குத் தெரிந்த ஒரு ஆய்வக உதவியாளர் பள்ளி மூடியிருந்த மாதங்களில் பழைய வானொலிப் பெட்டிகளைப் பிரித்துச் சரிசெய்ய ஆரம்பித்தார். பின்பக்க மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, வெடிப்பு விட்ட சால்டர் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் புதுப்பிப்பார். சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருகும்போது வரும் கரகர ஓசை நின்றால் அன்றைய வேலை முடிந்தது. ‘முடிந்தது’ என்று சொல்லக்கூடிய ஒரு வேலை அந்த நாட்களில் எவ்வளவு அரிதாகியிருந்தது என்பதை ஆன்லைன் வகுப்பு எடுத்த எவரும் உடனே புரிந்துகொள்வார்கள். பாடம் நடத்தியதற்கு முடிவு தெரியாது, பிள்ளைகளுக்கு ஏறியதா என்று தெரியாது. வானொலி பாடினால் பாடுகிறது, இல்லாவிட்டால் இல்லை.

புதிதாகக் கற்பது என்ற மூன்றாவது அனுபவத்தில் ஒரு வழுக்கல் இருக்கிறது. 2020-ல் ஆசிரியர்களின் மாலைகளையும் சனிக்கிழமைகளையும் நிறைத்தவை வெபினார்கள். கலந்துகொண்டால் ஒரு இ-சான்றிதழ். விரும்பிச் சேர்ந்தவர்களுக்கு அது உண்மையிலேயே உற்சாகம் தந்தது, காணொலி எடிட் செய்யக் கற்றுக்கொண்டு மகிழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் மற்றவர்கள் சேர்கிறார்களே என்ற பதற்றத்தில் சேர்ந்தவர்களுக்கு அது இன்னொரு வகுப்பு, அவ்வளவுதான். பள்ளிக்குப் பயன்படும் ஒன்றைப் படிப்பதை ஓய்வுக் கணக்கில் எழுதாதீர்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். பள்ளிக்கு எந்த வகையிலும் உதவாத ஒரு மொழியோ வாத்தியமோ அதைவிட நன்றாக மனதை விலக்கும்.

இரவு வெகுநேரம் விழித்திருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரத்தைப் பல ஆசிரியர்கள் விடாப்பிடியாகப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். வெளிக்காரணம் எதுவும் இல்லாமல் தூக்கத்தைத் தள்ளிப்போடும் இந்தப் பழக்கத்தைப் பற்றி நெதர்லாந்தில் உளவியலாளர் ஃப்ளோர் க்ரூசாவும் அவருடைய குழுவும் 2014-ல் எழுதினார்கள். சுயக்கட்டுப்பாட்டுக் குறைவோடு இதைத் தொடர்புபடுத்தியிருந்தார்கள். எனக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை. பகல் முழுவதும் தன் நேரம் தன் கையில் இல்லாத ஒருவர், கேட்பாரற்ற நேரத்தைத் தேடுகிறார். பகலில் அப்படி ஒரு முக்கால் மணி நேரம் கிடைத்தால் இரவு விழிப்பு தானாகக் குறையும்.

இந்த இடத்தில் பெண்களின் நிலையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான நாடுகளில் பள்ளி ஆசிரியர்களில், அதிலும் தொடக்கப் பள்ளிகளில், பெண்களே அதிகம். சம்பள வேலை முடிந்து வீட்டில் தொடங்கும் வேலையை ‘இரண்டாவது ஷிஃப்ட்’ என்று சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1989-ல் அழைத்தார். ஆன்லைன் வகுப்பில் அந்த இரண்டு ஷிஃப்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே நேரத்தில் நடந்தன. ஒரு டீச்சர் மியூட் பட்டனை அழுத்திவிட்டுத் தன் மகனின் வகுப்பில் அவனைச் சேர்த்துவிட்டு, திரும்ப வந்து மியூட்டை எடுத்து, “சரி, எங்கே விட்டோம்?” என்று தொடர்வார். அவருக்கு ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்கும் வழிகளைச் சொல்வதற்கு முன்னால், அந்த நேரத்தை யார் அவருக்கு விட்டுக்கொடுப்பார்கள் என்று வீட்டில் பேச வேண்டும்.

ஆசிரியர் அல்லாத ஊழியர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் அவர்களுடைய சிக்கல் நேர் எதிரானது. அலுவலக எழுத்தர்களுக்கு வேலை தொலைபேசிக்கு மாறியது. ஓட்டுநர், காவலாளி, துப்புரவுப் பணியாளர், ஆய்வக உதவியாளர் போன்றவர்கள் பலருக்கோ வேலையே சட்டென்று நின்றது. நேரம் கொட்டிக் கிடந்தது, அதோடு வேலை இருக்குமா, சம்பளம் வருமா என்ற பயமும். இப்படிப்பட்ட நேரம் ஓய்வாக மாறாது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு சாட்சி. வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்டால் என்ற ஊரில் ஆலை மூடி, ஊரே வேலையிழந்து கிடந்தபோது மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்டு, ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கே ஆராய்ந்து 1933-ல் நூலாக வெளியிட்டார்கள். எல்லாரிடமும் நேரம் இருந்தது. ஆனால் நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை 1929-க்கும் 1931-க்கும் இடையில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது, அதுவும் கட்டணம் நீக்கப்பட்ட பிறகு. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேலையிழந்தும் வீட்டு வேலையால் நேரமில்லாமல் இருந்தார்கள். பள்ளி ஊழியர்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது எளிமையானது. சம்பளம் உறுதி, வாரத்தில் சில நாளாவது குறிப்பிட்ட நேரத்தில் செய்ய வேண்டிய ஒரு பணி, யாராவது போன் செய்து விசாரிப்பது. இவை இருந்தால் மிச்ச நேரத்தை அவர்களே நன்றாகப் பயன்படுத்திக்கொள்வார்கள். பள்ளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது, பாடப் புத்தகங்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது போன்ற வேலைகளைக் கேட்டு வாங்கிச் செய்தவர்கள் இருந்தார்கள்.

தனி ஆளாக என்ன செய்யலாம் என்றால், நான் ஒன்றே ஒன்றைத்தான் வலியுறுத்துவேன்: வேலை நாளுக்குக் கையால் ஒரு முடிவு போடுங்கள். கடைசி வகுப்பு முடிந்ததும் ஒரு தாளில் நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதுங்கள். ‘ஏழாம் வகுப்பு’ என்று மொட்டையாக எழுதாமல், ‘ஏழாம் வகுப்பு, பின்னம், இரண்டாவது பயிற்சி, காலை பத்து மணி’ என்று எழுதுங்கள். தூக்கத்தை ஆராயும் மைக்கேல் ஸ்கல்லினும் சகாக்களும் 2018-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில் 57 இளைஞர்கள் கலந்துகொண்டார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். எழுதியானதும் லேப்டாப்பை மூடி, கண்ணில் படாத இடத்தில் வையுங்கள், சட்டையை மாற்றுங்கள், வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். தனி அறை இல்லாத வீட்டில் இது இன்னும் முக்கியம். அப்புறம் பள்ளிக் குழுவை மியூட்டில் போடுங்கள்.

ஆனால் குழுவை மியூட்டில் போட்ட ஆசிரியரை மறுநாள் “ஏன் பார்க்கவில்லை?” என்று கேட்டால் இதெல்லாம் வீண். அதனால்தான் நிர்வாகத்தின் பங்கு தனி மனிதரின் பங்கைவிடப் பெரியது என்கிறேன். பிரான்சில் 2017 ஜனவரி முதல், ஒரு அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பற்றி ஊழியர்களோடு பேச வேண்டும் என்று சட்டம் வந்தது. போர்ச்சுகல் 2021-ல், வேலை நேரத்துக்கு வெளியே ஊழியர்களைத் தொடர்புகொள்வதிலிருந்து முதலாளிகள் விலகியிருக்க வேண்டும் என்றது. பள்ளி இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாலை இத்தனை மணிக்கு மேல் சுற்றறிக்கை வராது என்று தலைமையாசிரியர் எழுத்தில் சொல்லி, தானே முதலில் கடைப்பிடிக்கலாம். இரவில் யோசனை வந்தால் மின்னஞ்சலை எழுதி, காலையில் போகும்படி நேரம் குறித்து வைக்கலாம். இரவில்தான் போன் கிடைக்கும் பிள்ளைகளுக்காக ஆசிரியர்கள் முறைவைத்து, வாரத்தில் ஒருவருக்கு ஒரு நாள் மட்டும் இரவுச் சந்தேகங்களைப் பார்க்கலாம். பிள்ளையும் கைவிடப்படாது, மற்றவர்களுக்கு அந்த மாலை முழுசாகக் கிடைக்கும். இந்த முறைவைப்பு எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, ஏனென்றால் ஆசிரியரின் ஓய்வையும் மாணவரின் தேவையையும் அது ஒன்றுக்கொன்று எதிரியாக்குவதில்லை.

ஸ்டாஃப் ரூம் பேச்சு இல்லாமல் போனதை ஈடுகட்ட, பள்ளிகள் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆன்லைனில் விளையாட்டு, பாட்டு என்று ஏற்பாடு செய்வதுண்டு. எண்ணம் நல்லதுதான். வருகைப் பதிவு எடுக்காமல், கேமராவைக் கட்டாயமாக்காமல் செய்தால் பலர் விரும்பி வருவார்கள். வராதவர்களிடம் காரணம் கேட்கக் கூடாது. அதைவிட நல்லது, இரண்டு மூன்று பேர் தங்களுக்குள் போனில் பேசிக்கொள்ளும்படி ஒரு வகுப்பு நேரத்தை டைம்டேபிளிலேயே காலியாக விடுவது. வெறும் குரல் அழைப்பாக இருந்தால் நடந்துகொண்டே பேசலாம், கண்ணுக்கும் ஓய்வு.